அமைதி அறையும் அமோனியா அறையும்

கீழைக்கரை கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பது போன ஆடி மாதத்தில்தான் நிர்வாகத்துக்குத் தெரியவந்தது. கை இருப்பது முன்பே தெரியும். இறால் உரிக்கக் கை வேண்டுமே. கால் இருப்பதும் தெரியும், ரப்பர் பூட்ஸுக்கு அளவெடுக்கிறார்கள். வயிறு இருப்பதாகக் கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் புகார் வரும்போதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மனத்தைப் பற்றி மட்டும் யாரும் தகவல் கொடுக்கவில்லை. கடைசியில் பிரான்சிலிருந்துதான் செய்தி வந்தது. இங்கிருந்து இறால் வாங்கும் கம்பெனி, உங்கள் தொழிலாளர்களின் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டது. பதில் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த கன்டெய்னர். அன்று சாயங்காலமே எல்லாருக்கும் மனம் வந்துவிட்டது.

காரைக்காலிலிருந்து மண்டபத்தூர் போகிற வழியில் இருக்கிறது இந்தத் தொழிற்சாலை. அங்கே கம்ப்ரசர் ஆபரேட்டர் கருப்பையன். கோவில்பத்திலிருந்து மொபட்டில் வருவார், பின்னால் மனைவி அஞ்சுகம் உட்கார்ந்திருப்பார். அஞ்சுகத்துக்கு இறால் உரிக்கும் கூடத்தில் வேலை. கருப்பையனுக்கு அதை ஒட்டிய அறையில். குளிர்ப்பதனக் கிடங்கை உறைய வைக்கும் அமோனியா கம்ப்ரசர் அந்த அறையில்தான் ஓடுகிறது. அது ஓடும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். அடுத்த ஆபரேட்டர் வந்து மாற்றிக்கொள்ளும்வரை எழுந்து போகக் கூடாது. அமோனியா கசிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. கம்பெனியும் அதே காரணத்துக்காகத்தான் யாருக்கும் சொல்வதில்லை.

முன்பு மூன்று ஆபரேட்டர்கள் இருந்தார்கள். கருப்பையன், வைத்தியலிங்கம், சாதிக் பாட்சா. ஆளுக்கு எட்டு மணி நேரம். சாதிக் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். அவன் இடத்துக்கு ஆள் வரும்வரை நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சமாளியுங்கள் என்றார்கள். சமாளித்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு. ஒரு மாதம் சமாளித்ததைப் பார்த்த சென்னைத் தலைமையகம், இரண்டு பேரே போதும்போல என்று மூன்றாவது இடத்தையே எடுத்துவிட்டது. நம் ஊரில் நல்ல மாட்டுக்குத்தானே இரண்டு சுமை. இப்போது அதற்கு ஒரு வருஷம் ஆகிறது. வாரம் ஒரு முறை பகல் இரவாகவும் இரவு பகலாகவும் மாறும். ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். அவ்வப்போது சாதிக் ஷார்ஜாவிலிருந்து வாட்ஸப்பில் குரல் அனுப்புவான். “இங்க எட்டு மணி நேரந்தாண்ணே. அதுக்கு மேல நின்னா மொதலாளியே வந்து போடாங்குறான், அல்ஹம்துலில்லா.” கருப்பையன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்.

அவருக்குத் தூக்கம் போய்விட்டது. வேலையில் தூங்கக் கூடாது, வீட்டில் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் காதுக்குள் கம்ப்ரசர் ஓடுகிறது. அவருக்கு வேண்டியதெல்லாம் இன்னோர் ஆள். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

மனநலத் திட்டத்தின் தொடக்க விழா, இரவு ஷிப்ட் முடிந்தவர்களும் கலந்துகொள்ள வசதியாக, அவர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் நடந்தது. மனிதவள மேலாளர் தமிழ்வேந்தன் பேசினார்.

“நண்பர்களே, இனிமே நம்ம கம்பெனில மன அழுத்தம்ங்கற பேச்சே இருக்கக் கூடாது. எம்.டி. சார் ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. யாருக்காவது அழுத்தம் இருந்தா பயப்படாம என்கிட்ட வந்து சொல்லலாம். யாரு யாரு சொல்றாங்கன்னு நான் தனியா குறிச்சு வச்சுக்குவேன். அது ரகசியமா எம்.டி. சாருக்கு மட்டுந்தான் போகும். அழுத்தம் உள்ளவங்களுக்கு உதவி பண்ணுவோம். உதவி பண்ணியும் சரியாவலன்னா, இந்த வேலை அவங்களுக்கு ஒத்துவரலன்னு நாமளே புரிஞ்சுக்குவோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். தனக்கு அழுத்தம் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. திட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே இவ்வளவு பலன் கிடைத்தது தமிழ்வேந்தனுக்கே ஆச்சரியம்.

கருப்பையன் மட்டும் எழுந்தார். “சார், கம்ப்ரசருக்கு ஒரு ஆளு போட்டீங்கன்னா போதும். தூங்கிட்டன்னா எல்லாஞ் சரியாயிடும்.”

“நீங்க கேக்குறது ஆள் பிரச்சினை கருப்பையன். இங்க நாம பேசுறது மனசு.”

“ஆள் பிரச்சினைய யாருகிட்ட சார் பேசணும்?”

“என்கிட்டதான். ஆனா அது வேற மீட்டிங்.”

“அது எப்ப சார்?”

“அந்த மீட்டிங்குக்கு இன்னும் சாங்ஷன் வரல.”

அடுத்ததாக அமைதி அறை. கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் ஆபரேட்டர்கள் பாய் விரித்துக் கட்டையைச் சாய்க்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. ஷிப்ட் மாறும்போது மொபட்டை எடுக்கத் தெம்பில்லாதவர்கள் ஒரு மணி நேரம் அங்கே கிடந்துவிட்டுப் போவார்கள். தொழிற்சாலையில் மனநலத்துக்கு அதுவரை இருந்த ஒரே ஏற்பாடு அதுதான். அதை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பதால் நிர்வாகத்தின் கண்ணில் அது காலி இடமாகப் பட்டது. பாயைத் தூக்கி எறிந்தார்கள். உட்கார்ந்தால் உள்வாங்கிக்கொள்ளும் மெத்தைப் பைகள் இரண்டு வந்தன. சுவரில் புத்தர் வந்தார். கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள் வந்தன. அந்தக் கம்பெனி வளாகத்தில் உயிரோடு இருந்த மீன்கள் அவை மட்டும்தான். அறை அழுக்காகாமல் இருக்க வேண்டும் என்று பூட்டி, சாவியைத் தமிழ்வேந்தன் வைத்துக்கொண்டார். அமைதி தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து, தாம் அமைதியாக இல்லை என்பதைச் சூப்பர்வைசரிடம் உறுதிசெய்துகொண்டு வர வேண்டும். அமைதியாக இல்லாதவர் இயந்திரத்தின் அருகே வேலை செய்யக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. அதனால் அப்படிச் சொல்பவருக்கு அன்றைய சம்பளம் கிடையாது. யாரும் சொல்லவில்லை. தங்கமீன்கள் நிம்மதியாக வளர்ந்தன.

அதன்பிறகு புதுச்சேரியிலிருந்து வினோதா என்ற மனநல ஆலோசகரை வரவழைத்தார்கள். சிதம்பரம் வழியாக மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கிய நல்ல பெண். அவரை நான் குறை சொல்லமாட்டேன். முதல் நாள் கேள்வி எழுப்பியவர் என்பதால் கருப்பையனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவரோ எழுந்து வர முடியாது. ஆகவே ஆலோசனை கம்ப்ரசர் அறையிலேயே நடந்தது. ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தமிழ்வேந்தன் கதவுக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

வினோதா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, “கண்ண மூடிக்கிட்டு மூச்ச நல்லா ஆழமா இழுங்க” என்றார்.

கருப்பையனுக்குத் திக்கென்றது. அமோனியா அறையில் வேலை பார்ப்பவன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது, ஆழமாக மூச்சு இழுக்காமல் இருப்பது. பதினெட்டு வருஷமாக அவர் மேலாகவே மூச்சுவிட்டுப் பிழைத்தவர். “வேணாம்மா” என்றார். ஆனால் வினோதா தானே செய்து காட்டினார். பிறகு தண்ணீர் குடித்து, இருமல் அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ‘ஊழியர் பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று தமிழ்வேந்தன் வெளியே நின்று குறித்துக்கொண்டார்.

கம்ப்ரசர் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் எதுவும் கேட்காது. இருவரும் கத்தித்தான் பேசினார்கள். அறைக்கும் இறால் கூடத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் கூரையைத் தொடாது என்பது வினோதாவுக்குத் தெரியாது.

“ஒங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஒன்ன நெனச்சுக்கங்க” என்று கத்தினார் வினோதா.

“தூக்கம்.”

“அது இல்ல, வேற எதாவது.”

“வேற எதுவும் நெனப்பு வரலம்மா.”

“வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?”

கருப்பையன் கம்ப்ரசரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். “நேத்து எம் மவளக் கூப்புடலாம்னு வாயத் தொறக்குறேன், பேரு வரலம்மா. நின்னுக்கிட்டே இருக்கேன், வரல. பெத்த புள்ள பேரே எனக்கு மறந்து போச்சும்மா.”

கிடங்கு போதிய அளவு குளிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் தானாக நின்றுவிடும். அவர் ‘நின்னுக்கிட்டே இருக்கேன்’ என்று கத்தும்போது அது நின்றுவிட்டது. மிச்சம் முழுவதும் அமைதியில் போய் விழுந்தது. அடுத்த கூடத்தில் இருநூறு பெண்களின் கைகள் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

“கவியாங்க” என்றது அஞ்சுகத்தின் குரல். “நம்ம புள்ள பேரு கவியா.”

கருப்பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வினோதாவுக்கு இந்தமுறை அமோனியா இல்லாமலே கண் கலங்கியது. ‘இவருக்குத் தேவை தூக்கம், தூங்குவதற்கு நேரம்’ என்று அறிக்கை எழுதினார். தமிழ்வேந்தன் அதைப் படித்துவிட்டு, “மேடம், நேரம்னு போட்டா ஷிப்ட் பிரச்சினையாயிடும். ஓய்வு மனப்பான்மைன்னு மாத்திக் குடுத்துருங்களேன்” என்றார். வினோதா மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது கருப்பையனிடம், “என்னால எழுதத்தாண்ணா முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதியது அலமாரிக்குப் போயிற்று.

ஆனால் நடந்தது வீணாகவில்லை. ‘ஊழியர் ஒருவர் இருநூறு சக ஊழியர்கள் முன்னிலையில் மனம் திறந்தார்’ என்று பிரான்சுக்கு மின்னஞ்சல் பறந்தது. கேன்டீன் சுவரில் கருப்பையனின் பெரிய படத்தை ஒட்டி, ‘நான் மனம் திறந்தேன். நீங்கள்?’ என்று கீழே அச்சடித்தார்கள். தூக்கக் கலக்கத்தில் எடுத்த படம், கண் பாதி மூடியிருந்தது. தியானத்தில் இருப்பதுபோல அமைந்துவிட்டதாக எம்.டி. பாராட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அஞ்சுகம் அன்றிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போக ஆரம்பித்தார். எனக்கு இந்தக் கதையில் அதிகமாக எரிச்சல் வருகிற இடம் அந்தப் படம்தான்.

ஆய்வுக்குப் பிரான்சிலிருந்து ஒருவர் வந்தார். அவர் வருமுன், மனத்துக்கு இதமான நிறம் என்று கம்ப்ரசர் அறை முழுக்க இளம்பச்சை பெயின்ட் அடித்தார்கள். சுவர், குழாய், வால்வு எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்துகிற பாதுகாப்புக் கருவிக்கும் ஒரு பூச்சு கிடைத்தது. மொழிபெயர்க்க, காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர் கருப்பையனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். “ஒரு ஆளு” என்றார் கருப்பையன். பெரியவர் அதை ஒழுங்காகவே மொழிபெயர்த்தார். வந்தவரும் புரிந்துகொண்டு, ‘இவருக்கு உடனடியாக ஆள் துணை தர வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி அஞ்சுகத்திடம் கருப்பையன், “ஆளு போடப் போறாங்க புள்ள” என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அஞ்சுகம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆள் வந்தான். பெயர் மணிபாரதி, ஊர் குரும்பகரம், வயது நாற்பதை நெருங்குகிறது. ஐ.டி.ஐ.யில் குளிர்ப்பதனம் படித்தவன். நாகப்பட்டினத்து ஐஸ் பிளான்டில் ஏழு வருஷம் கம்ப்ரசர் ஓட்டியவன். கருப்பையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்புறம்தான் தமிழ்வேந்தன் விளக்கினார்.

“இவர் ஆபரேட்டர் இல்ல. ஆபரேட்டர் போஸ்ட்டுக்குச் சென்னைல சாங்ஷன் இல்ல. மனநலத்துக்கு சாங்ஷன் இருக்கு. அதனால இவர மனநலத் துணைவரா எடுத்துருக்கோம். ஒங்க பக்கத்துலயே ஒக்காந்துருப்பாரு. மணிக்கொரு தடவ ஒங்க மனசு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதுவாரு. மிஷின மட்டும் தொடக் கூடாது. இன்சூரன்ஸ் பிரச்சினை.”

“கம்ப்ரசர் தெரிஞ்ச ஆளுதான சார் இவரு?”

“அதனாலதான் எடுத்தோம். அப்பத்தான ஒங்க கஷ்டம் அவருக்குப் புரியும்.”

கருப்பையனின் தனிமையைப் போக்க ஒரு கேமராவும் மாட்டினார்கள். வைத்தியலிங்கத்துக்குத் துணைவர் கிடையாது. அவர் மனம் திறக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். “நானும் அன்னக்கிக் கத்தியிருக்கணும் போலருக்கு கருப்பையா” என்றார் வைத்தியலிங்கம்.

ஒரு கம்ப்ரசருக்கு எதிரே கம்ப்ரசர் தெரிந்த இருவர் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து போகக் கூடாது, இன்னொருவன் தொடக் கூடாது. இரண்டாவது நாள் கருப்பையன் மெல்லக் கேட்டார்.

“தம்பி, ஒரு அரை மணி நேரம் பாத்துக்கிறியா? இந்த மூலையில சாஞ்சுக்குறேன்.”

“பாத்துக்குறேண்ணே. தொடத்தான் கூடாதுன்னுருக்காங்க. நீங்க கண்ண மூடுனா நான் எழுதணும். எழுதுனா ஒங்க வேல போயிடும். எழுதலன்னா கேமராவுல பாத்துட்டு என் வேல போயிடும்.”

“அப்ப என்னத்துக்குய்யா ஒன்ன போட்டாங்க?”

“நீங்க கேட்டீங்களாமேண்ணே.”

கருப்பையன் மறுபடி அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஐப்பசியில் வைத்தியலிங்கத்தின் மாமனார் இறந்துபோனார். சாவு வீட்டுக்கு லீவு இல்லை என்று சொல்ல கம்பெனியாலும் முடியவில்லை. இரவு முழுக்க ஓட்டிய கருப்பையன் காலையிலும் எழாமல் தொடர்ந்தார். மதியம் மழையில் கரன்ட் ஒருமுறை போய்வந்தது. கம்ப்ரசர் மறுபடி தானாக ஓடியது, ஆனால் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் மோட்டார் நின்றது நின்றதுதான். கருப்பையன் நாற்காலியில் நிமிர்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார். அழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கியதை மணிபாரதி பார்த்தான். “அண்ணே” என்றான். தோளைப் பிடித்து உலுக்கினான். கருப்பையன் எழவில்லை. அழுத்தம் எல்லை மீறியதும் தானாக நிறுத்த வேண்டிய கருவி இளம்பச்சை பெயின்டில் இறுக ஒட்டிக்கொண்டு அமைதியாக இருந்தது. காட்டமான நெடி கிளம்பி, அடுத்த கூடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட ஆரம்பித்தார்கள். மணிபாரதி ஒரு தடவை கேமராவைப் பார்த்தான். பிறகு எழுந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினான். வால்வை மூடினான். மாற்றுக்கு இருந்த தண்ணீர் மோட்டாரைப் போட்டான். ஏழு வருஷம் பழகிய கை. முள் இறங்கியது.

சத்தம் நின்றதும்தான் கருப்பையன் விழித்துக்கொண்டார். எதிரே அஞ்சுகம் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் வெளியே ஓடும்போது அவர் மட்டும் உள்ளே ஓடிவந்திருந்தார்.

மறுநாள் காலை, கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டு விசாரணை. கருப்பையன் தன் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்ததாகப் பிறகு சொன்னார். தமிழ்வேந்தன் கேமராப் பதிவை முழுவதும் பார்த்திருந்தார்.

“மணிபாரதி மிஷினத் தொட்டுட்டாரு. தெளிவா பதிவாயிருக்கு. வேற வழியில்ல, அனுப்பியாச்சு.”

“சார், அந்தத் தம்பி இல்லன்னா நேத்து எல்லாரும் போயிருப்போம் சார். தூங்குனது நான். என்னைய அனுப்புங்க.”

“ஒங்கள எப்படி அனுப்புறது? நீங்க போஸ்டர்ல இருக்கீங்க.”

“அப்ப அவர ஆபரேட்டராவே போட்டுருங்க சார். நல்ல வேலைக்காரரு.”

“கம்ப்ரசர நிறுத்துனவர கம்ப்ரசர் ஓட்டப் போடுறதா? நீங்களே சொல்லுங்க.” தமிழ்வேந்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதோட, கருப்பையன், நான் எம்.டி. சார்கிட்ட பேசிட்டேன். ஒங்க பிரச்சினை என்ன? தூக்கம் வரல. நேத்து அவ்வளவு சத்தத்துல, உலுக்கியும் எழுந்திரிக்காத அளவுக்குத் தூங்கியிருக்கீங்க. இத விட என்ன வேணும்? நம்ம திட்டத்தோட மொத வெற்றின்னு ரிப்போர்ட்டு போயிடுச்சு. துணைவர் போஸ்ட்டும் இனிமே தேவையில்லன்னு எடுத்தாச்சு.” எழுந்து வந்து கை கொடுத்தார். கருப்பையனும் கையை நீட்டினார். நீட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மணிபாரதி டிபன் கேரியரும் குடையுமாகக் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். மழை விடவில்லை. அஞ்சுகம் கேட்டோரம் காத்திருந்தார்.

“அந்தப் புள்ளய எதுக்குங்க அனுப்புறாங்க? ஒங்களுக்குத் தொணைக்குன்னுதான வச்சாங்க?”

“எனக்குக் குணமாயிடுச்சாம்” என்றார் கருப்பையன்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். வைத்தியலிங்கம் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் ஆகும்.